போதும், விடு

பாட்டிலைக் கீழே வைத்த பிறகும் அவளுடைய விரல்கள் அதை விடவில்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து சுடுதண்ணீரிலும் சோப்பிலும் ஊறிய கை, மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தாள். ஆராய்ச்சிக்கூடத்தின் கழுவுகிற அறையில் எப்போதும்போல ஆவி மிதந்துகொண்டிருந்தது. கிருமிகளை வளர்க்கிற கரைசலின் புளித்த வாடை தொட்டியிலிருந்து ஏறி மூக்கில் ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் உறைபெட்டிகள் ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தன. அந்த முனகலுக்கு நடுவில், தூக்கத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு நடப்பவைபோல, விரல்கள் ஒவ்வொன்றாகத் தாமதித்துப் பிரிந்தன.

“என்னடி, பாட்டிலைக் கட்டிக்கப் போறியா? விட மனசே வரல?” பக்கத்துத் தொட்டியில் நின்ற வாயாடி அக்கா சிரித்தாள்.

“கை ஒரு மாதிரி இழுக்குதுக்கா.”

“இந்த வேலைக்கு வந்தா கை இழுக்கும், இடுப்பு இழுக்கும், கடைசில உசுரும் இழுக்கும். கழுவு, கழுவு.”

காய்ந்த பாட்டில்களை எடுக்க ஆராய்ச்சிக்கார சார் வந்தார். கேட்டால் பதில் சொல்கிற மனிதர். அவள் கேட்டாள்.

“சார், இதுல என்ன இருந்துச்சு?”

“புரதம்மா. மனுஷ உடம்புல இருக்கறதுதான், அதைக் கிருமிக்குள்ள வச்சு செஞ்சு எடுக்கறோம். தசை இறுகினா ‘போதும், விடு’ன்னு சொல்ற வேலைக்காரன் ஒருத்தன் உடம்புக்குள்ள இருக்கான். பாஸ்பேட்டேஸ்னு பேரு. இந்தப் புரதம் அவன் வாயைப் பொத்திடும். ஆராய்ச்சிக்கு மட்டும்தான், மனுஷங்களுக்கு இல்ல.”

“மேல பட்டா?”

“தோலைத் தாண்டாது. அதான் கையுறை குடுத்திருக்கோமே.”

அவர் போய்விட்டார். அவள் கையுறையைப் பார்த்தாள். ஆளுக்கு ஒரு ஜோடிதான். மதியத்துக்குள் உள்ளே வியர்த்து நசநசத்துவிடும். அப்போது அதை உருவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மறுபடியும் மாட்டிக்கொள்வார்கள். வாயாடி அக்கா சொல்லிக்கொடுத்த வித்தை. காலையெல்லாம் பாட்டில்களைத் துழாவிய பக்கம் இப்போது அவள் தோலோடு ஒட்டியிருந்தது. சோப்பு தின்ற வெடிப்புகள் அதன் அடியில் எரிந்தன.

கையுறையைத் திருப்பி மாட்டுவதைச் சொன்னால் அவள் வேலையும் அக்கா வேலையும் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கையுறையை உரித்தாள். கடித்த பல் பிரியச் சற்று நேரம் பிடித்தது.

வேலை முடிந்து கிளம்பும்போது வாயாடி அக்கா வெளிவாசல் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

“வாக்கா, பஸ் வந்துடும்.”

“நீ போடி. நான் வரேன்.”

பஸ் நகர்ந்தபோது அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் போய்விட்ட வாசலில் அக்கா அதே கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் அதே சிரிப்பு. யாரும் எதிரில் இல்லை. சிரிப்பு இறங்கவில்லை.

பஸ்ஸின் கம்பியிலிருந்து தன் கையைப் பிரிக்க அவள் உடம்பையே பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. உள்ளங்கைத் தோல் கொஞ்சம் கம்பியிலேயே தங்கியது. மகளைத் தொடக் கூடாது. வழி முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டே வந்தாள். இன்று ஒருநாள் குழந்தையை வைத்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுக்காரியின் காலில் விழுந்தாவது கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

“வந்துட்டியா, தாயே? எனக்கு டூட்டிக்கு லேட். உன் இளவரசி தூங்குறா.”

அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. தாடை பூட்டிக்கிடந்தது. தொண்டைக்குள் ஒரு முனகல் மட்டும், உறைபெட்டியின் முனகல்போல.

“சரி சரி, முகத்துலயே தெரியுது களைப்பு. கதவைச் சாத்திக்கோ, எழுந்தா படிக்கட்டுக்கு ஓடிடுவா.”

செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி மறைந்தது. மகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்த தாழ்ப்பாளை அவள் முழங்கையால் தள்ளினாள். பிறகு கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஜன்னலில் அந்தி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. குழாய் சொட்டியது. மகளின் மூச்சு கேட்டது.

மூச்சு மாறியது.

“அம்மா!”

சின்னக் கால்கள். நாற்காலி உரசும் சத்தம். எப்போதும்போல அதன் மேல் ஏறி, ஜன்னலை எட்டி, அம்மாவுக்கு வேடிக்கை காட்ட. நாற்காலி ஆடியது. சாய்ந்தது.

அவள் யோசிக்கவில்லை. பாய்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

மகள் விழவில்லை. அம்மாவின் பிடியில் தொங்கி, தரையில் கால் ஊன்றிச் சிரித்தாள். அவளும் சிரித்தாள். பயப்படாதே என்று சொல்ல வாய் வராததால், உதட்டை மட்டும் விரித்து.

“விடும்மா.”

விரல்கள் கேட்கவில்லை.

மறுகையால் பிரிக்கப் போனாள். மறுகையும் பற்றிக்கொண்டது.

“அம்மா, வலிக்குது.”

இறுகியது.

தாழ்ப்பாள் மேலே இருந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை. எழப் பார்த்த அவள் முழங்கால் மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டது.

இறுகியது.

அவளுடைய இரண்டு கைகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஐந்து குட்டி விரல்கள் சிவந்தன. பிறகு கத்தரிப்பூ நிறமாயின. மகள் அழுதுகொண்டே நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“போதும்மா. விடும்மா.”

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.