எங்கட வீட்டு ஆத்துமாக்கள்

செபமாலையில் முதற்பாதியைச் சொல்லிவிட்டு யோசெப்பின் என்ற அந்தத் தாய் மூச்சு இழுப்பதற்குள், மறுபாதியை வீட்டுக்குள் நடைபாதைப் பக்கமிருந்து யாரோ சொன்னார்கள். சொற்கள் இல்லை. சொற்களின் ஏற்ற இறக்கம் மட்டும், வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு முணுமுணுப்பதுபோல.

கண்ணைத் திறக்கவும் அவருக்கு அலுப்பாக இருந்தது. உலகத்துச் சப்பாத்துகளெல்லாம் டோர்வல் விமானநிலையத்தில் கொண்டுவந்து கொட்டும் பனிச்சேற்றை விடியப்புறத்திலிருந்து துடைத்த உடம்பு அது. இத்தனை வருடமாகத் துடைத்ததைச் சேர்த்து வைத்திருந்தால் மொன்ட்ரியாலுக்கு இரண்டாவது மலை கிடைத்திருக்கும். கணவர் கிறிஸ்தோப்பர் மோசம் போய் அடக்கமும் முடிந்த பிறகு, இருவர் மாறிமாறிச் சொல்லும் செபமாலையின் இரண்டு பாதியும் அவர் தலையில்தான். மறுபாதிக்கு ஓர் ஆள் கிடைத்தால் யார் வேண்டாமென்பார்கள்? மகளாக்கும் என்று நினைத்து மிச்ச மணிகளையும் உருட்டி முடித்தார்.

மகளின் அறையை எட்டிப் பார்த்தால், அனோஜினி வாயைப் பிளந்தபடி நித்திரை. எட்டு மாத வயிறு போர்வைக்குள் தனியொரு ஆளைப்போலப் படுத்திருந்தது.

"பிள்ளை, நீயே மறுமொழி சொன்னனீ?"

"நான் படுத்திருக்கிறன் அம்மா. டேவிட் வேலையால வந்தா எழுப்புங்கோ." பாதி நித்திரையிலும் அவளுக்குப் புருஷன் நினைப்பு.

சுவரோரத்து ஹீட்டர் டிக் டிக்கென்றது. அதுதான் போல. மொன்ட்ரியால்-நோர் பகுதியின் பழைய அடுக்குமாடி ஹீட்டர்கள் குளிர்காலம் வந்தால் பேசும், இருமும், சில வேளை சண்டையும் பிடிக்கும்.

எல்லாம் அந்த விசாரிப்பில் தொடங்கியது. கலியாணத்துக்கு முதல் எந்தப் பகுதி, யாருடைய ஆட்கள் என்று ஏழு தலைமுறையைத் தோண்டாமல் யாழ்ப்பாணத்தவருக்குச் சோறு இறங்காது. அனோஜினியோ டேவிட் ஹெல்மைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு வந்துதான் சொன்னாள். ஆகவே யோசெப்பின் பிந்தி விசாரித்தார். மாப்பிள்ளை ஃபிலடெல்ஃபியா பக்கத்து ஆள், பரம்பரை ஜெர்மன் என்பதை வைத்துக்கொண்டு, வேலையால் வந்து காலைச் சுடுதண்ணீரில் போட்டபடி, டேப்லெட்டில் ஒவ்வொரு கல்லறைக் கல்லாகத் தேடிப் போனார். முந்நூறு வருடம் பின்னால் போய், ரைன் நதிக்கரையிலிருந்து கப்பலேறிய யோஹான் ஹெல்மையும் பெண்சாதி பார்பராவையும் பிடித்தேவிட்டார்.

அவர்களுடைய மூத்த மகள் அன்னா மரியா. கப்பலிலேயே செத்து, கடலில் இறக்கிவிட்டார்கள். பென்சில்வேனியாவில் அடுத்த மகள் பிறந்தாள். அவளுக்கும் அன்னா மரியா. அவளும் போனாள். அடுத்தவளுக்கும் அதே பெயர். செத்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது அந்தக் காலத்து ஜெர்மன்காரர் வழக்கமாம், மூத்தவளின் சட்டையை இளையவளுக்குப் போட்டுவிடுவதைப்போல. சட்டை ஒன்று. அதைப் போட்டவள் ஒருத்தியும் தங்கவில்லை.

"பாவங்கள்," என்று யோசெப்பின் மூக்கைச் சிந்தினார். லூத்தரன் சபை ஆட்கள். செத்தவர்களுக்காகச் செபிக்கும் பழக்கம் இல்லை. முந்நூறு வருடமாக ஒரு செபம்கூடக் கிடைக்காத ஆத்துமாக்கள், அதுவும் சம்பந்தி வீட்டார். செபமாலை முடிவில் செத்தவர்களைப் பெயர் சொல்லி வேண்டும் வரிசையில், தகப்பன், கிறிஸ்தோப்பர் என்று சொல்லிவந்து, ஹெல்ம் குடும்பத்தையும் சேர்த்தார். "இவையும் எங்கட வீட்டு ஆத்துமாக்கள்." மனம் இளகிய வேகத்தில், பேத்திக்குத் தாம் யோசித்து மகளிடமும் சொல்லிவைத்திருந்த பெயரையும் அதே மூச்சில் போட்டார். "பிறக்கப்போற அன்னா மரியாவுக்காகவும்."

அதற்குப் பிறகுதான் மறுமொழி வரத் தொடங்கியது.

மறுநாள் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. யோசெப்பின் மெழுகுதிரியைக் கொளுத்தி முழந்தாளிட்டார். முதல் மணியிலேயே மறுமொழி வந்தது. இன்றைக்குப் பல குரல்கள். கனத்த ஆண்குரல் ஒன்று, அதற்கு மேலே தேய்ந்த பெண்குரல், அதற்கும் மேலே சின்னச் சின்னக் குரல்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், சொல்ல இன்னும் பழகாத மழலை ஒன்று ஒரு சொல் பிந்திப் பிந்தி வந்தது. தாரும் நனைந்த கம்பளியும் புளித்த வாந்தியும் கலந்த, கப்பல் அடித்தட்டு மணம் நடைபாதைக் கதவுக்குக் கீழால் ஊர்ந்து வந்து மெழுகுதிரியின் மணத்தைத் தின்றது.

அவர் பாதி மணியில் நிறுத்தினார்.

அவர்களும் நிறுத்தினார்கள்.

ஹீட்டரென்றால் நிறுத்தியிருக்காது. அவர் மெல்லப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்.

"யோஹான்." நடைபாதைப் பலகை ஒருதரம் முனகியது.

"பார்பரா." இன்னும் கிட்ட.

"அன்னா மரியா."

ஈரப் பாதங்கள். நிறையப் பாதங்கள், லினோலியத் தரையில் சளக் சளக்கென்று. அதே நொடியில் அறைக்குள்ளிருந்து அனோஜினி, "அம்மா, பிள்ளை உதைச்ச உதையில எனக்கு மூச்சு நிண்டுபோச்சு. பேரைச் சொன்னோடன என்னமா எழும்புறா," என்று சிரித்தாள்.

யோசெப்பினுடைய கையிலிருந்து செபமாலை நழுவியது. செத்தவர்களின் வரிசையில் உயிருள்ள ஒன்றை நிறுத்தியது அவருடைய வாய்தான்.

"அது பேரில்லை," என்றார் கதவைப் பார்த்து. "இந்தப் பிள்ளைக்கு அது பேரில்லை. நான் அலுப்பில சொல்லிப்போட்டன்."

"ஆரோட அம்மா கதைக்கிறியள்? இனி மாத்தேலாது. டேவிட் தன்ர வீட்டுக்குச் சொல்லிட்டார். எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சுப்போச்சாம்."

"பிள்ளை, எழும்பு. வெளியில போவம். கோட்டைப் போடு."

"இந்தக் குளிருக்கையோ? உங்களுக்கென்ன விசரே?"

நடைபாதையில் செபம் தொடங்கியது. இந்தத் தடவை முதற்பாதியை அவர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள்.

யோசெப்பின் உதட்டைக் கடித்தார். இரத்தம் உப்பாக வந்தது. ஐம்பது வருடம் பழகிய வாய். களைத்த வாய். அது அவரைக் கேட்கவில்லை. மறுபாதியைச் சொன்னது. ஆமென் வரைக்கும்.

மகளின் அறைக் கதவு தானாகத் திறந்தது.

"அம்மா." அனோஜினியின் குரலில் இப்போது சிரிப்பில்லை. "கட்டிலெல்லாம் ஈரம். தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது போல."

அவர் ஓடினார். வாசலோடு கால்கள் நின்றுவிட்டன.

கட்டிலைச் சுற்றிச் சிறுமிகள். ஒரே முகம், வேறு வேறு உயரம். தலைமயிரிலிருந்து கடல்நீர் சொட்டியது. உயர வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஆகச் சின்னவளுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இடம், ஒரு கைக்குழந்தையின் அகலத்துக்கு. கட்டிலின் கால்மாட்டில் பார்பரா முழந்தாளிட்டிருந்தாள். நனைந்த ஏப்ரனை இரண்டு கையாலும் அகல விரித்து ஏந்தியிருந்தாள்.

போர்வைக்குள், மெதுவாக, அவள் பக்கமாக வயிறு திரும்பியது.