அரை மூடி மருந்து

மச்சான் அவனுக்குத் தரவேண்டியது ஏழாயிரத்து முன்னூற்று ஐம்பது ரூபாய். அக்காவைக் கட்டியவர் என்பதைத் தவிர வேறு யோக்கியதை இல்லாமல் பூச்சிமருந்து கான்ட்ராக்டராக வலம்வந்து, மச்சினனின் மூன்று மாதக் கூலியை முழுங்கி ஏப்பம் விட்ட பெரிய மனிதர். அந்தப் பணம் கைக்கு வந்தால் அவன் இந்தத் தொழிலை விட்டுவிடலாம். ரத்தம் சோதித்த டாக்டரம்மாவும் தொழிலை விடத்தான் சொன்னார்.

“நரம்பு சொல்ற சேதியை உடனே அழிக்க உடம்புல ஒரு பொருள் இருக்குப்பா. நீ அடிக்கற மருந்து அதைக் கட்டிப்போட்டுடும். அப்புறம் நரம்பு ஓயாம அடிச்சுக்கும். உனக்கு அந்தப் பொருள் பாதிகூட இல்ல. இனி மருந்து பட்டா உடம்பு தாங்காது.”

“கரப்பான் மட்டும் எப்படிம்மா தாங்குது?”

“எவ்வளவு கலக்கற?”

“ஒரு டேங்குக்கு அஞ்சு மூடி ஊத்தணும். மச்சான் அரை மூடிக்கு மேல விடமாட்டார்.”

“அப்ப தாங்கினதுதான் மிஞ்சும். அதோட குஞ்சுங்க மருந்தை உடம்புக்குள்ளயே உடைச்சுப் போட்டுடும். ஆறு வருஷமா நல்லா வளர்த்திருக்கீங்க.”

இன்று மாவுக் கிடங்கில், நடுப்பகலில், புளித்த மாவும் மண்ணெண்ணெயும் கலந்த வாடைக்கு நடுவே, மூட்டைகளின் இடுக்கில் ஆயிரம் கால்கள் காகிதத்தை உரசுவதுபோல ஓடும் சத்தத்தைக் கேட்டபடி அவன் மருந்தை விசிறினான். சத்தம் நின்றது. ஒரு கரப்பான்கூட ஓடவில்லை. எல்லாம் குழாய்முனையைப் பார்த்துத் திரும்பின.

“மச்சான், வெளிய போயிடலாம்.”

“பூச்சி செத்தாத்தான் பணம்.” மச்சான் ஷட்டரை இறக்கி, உள்பக்கமாகப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் பணக்கட்டோடு போட்டுக்கொண்டார். “நீ கலக்கற லட்சணம் அப்படி. தள்ளு.”

அரை மூடிக்குக் கணக்குப் பார்த்த கை, வீம்புக்கு டப்பாவையே கவிழ்த்தது. பாதி டேங்கில். மீதி அவர் மார்பில், சட்டைப்பையில்.

“சட்டையைக் கழட்டுங்க மச்சான். தோல் வழியா இறங்கும்.”

“எதுக்கு, நீ போட்டுக்கவா? போய் அடி.”

அவன் அடித்தான். முகத்தில் கட்டிய துணி நனைந்தது. மச்சான் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு திட்டு குழறியது. திரும்பிப் பார்த்தான். மூட்டையில் சாய்ந்திருந்தார். வாயில் நுரை. கன்னச்சதை தானாகத் துடித்தது. கண்மணிகள் ஊசிமுனை அளவுக்குச் சிறுத்திருந்தன.

நுரையை நோக்கிக் கரப்பான்கள் இறங்கின. அவசரமில்லை. வரிசையாக.

சாவி. சட்டைப்பையில் கைவிட்டான். ஈரம். சாவியோடு பணக்கட்டும் வந்தது.

ஷட்டர் பத்தடியில் இருந்தது. முதலில் ஓடியிருக்கலாம். ஆனால் இந்த ஆளிடம் வாங்கிய பணத்தை அவன் ஒருநாளும் எண்ணாமல் நகர்ந்ததில்லை; எண்ணியபோதெல்லாம் குறைந்திருக்கிறது. எழுத்துக்கு முன்னாலேயே கற்ற எண்ணிக்கை. முகத்துணியை இறக்கினான். ஒட்டிக்கிடந்த தாள்களைப் பிரிக்கக் கட்டைவிரலை நாக்கில் தொட்டான். ஒரு தாள். நாக்கு. ஒரு தாள். நாக்கு.

கசந்தது.

ஏழாயிரத்து முன்னூற்று ஐம்பது. ஒரு ரூபாய் குறையவில்லை. முதல்முறையாக மச்சான் சரியாகக் கொடுத்திருந்தார்.

கூரை ஓட்டையில் வெயில் அப்படியேதான் இருந்தது. கிடங்கு இருட்டிக்கொண்டு வந்தது. வாயில் எச்சில் ஊறி, ஊறி, வழிந்தது. சாவி விழுந்தது. எடுக்கக் குனிந்தான். விரல்கள் ஆடின, அவனைக் கேட்காமல்.

கட்டைவிரல் ஈரத்தில் ஒன்று ஏறி நின்று, மீசையை அசைத்தபடி, நிதானமாகக் குடித்தது.