சொல்லின் மறு ஓரம்

திரைப்படங்களில் 'வில்லன்' என்ற சொல்லைத் தடை செய்யக் கோரி உழவர் சங்கத்தார் அவிநாசி சாலையில் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். சேந்தன் சுற்றுவழியில் ஆய்வகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. எரிச்சல் மண்டியது. மறியலுக்குக் காரணமே அவன் இயக்கும் பொறிதான் என்பதால் யாரையும் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

முதலொலிப் பொறியிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். அந்தச் சொல் உலகில் முதன்முதலாக ஒருவர் வாயிலிருந்து வந்த கணத்தைத் தேடிப் பிடித்து, அந்தக் குரலையே சுற்றுப்புறச் சத்தத்தோடு கேட்க வைத்துவிடும். பேச்சு காற்றில் கரைந்தாலும் காலத்தில் அதன் தழும்பு தங்கிவிடுகிறது, அதைத் தடவிப் படிப்பதுதான் பொறியின் வேலை. தமிழ்ச் சொற்களைக் கொடுத்தால் அது தன் எல்லை வரை போய் மூச்சு வாங்கி நின்றுவிடும். எந்திரத்துக்கே எட்டாத பழமை என்று ஊரே மார்தட்டிக்கொண்டது. ஆங்கிலச் சொற்கள் நேற்றுப் பிறந்தவை, சுலபமாகச் சிக்கின.

ஆகவே கோவைக்காரர்கள் காலைக் காபியோடு ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் கேட்டார்கள். பண்ணையில் கட்டுண்டு கிடந்த உழவனைத்தான் முதலில் 'வில்லன்' என்று அழைத்தார்கள் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. 'நைஸ்' என்றால் ஒன்றும் தெரியாத மூடன் என்று தெரிந்ததும், மாப்பிள்ளை நைஸ் என்று சொல்லப் பெண் வீட்டார் தயங்கினார்கள். 'மசில்' என்பது சுண்டெலி. உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் கொஞ்ச நாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். 'டிசாஸ்டர்' என்றால் கெட்ட நட்சத்திரம் என்றவுடன் சோதிடர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சொல்லையாவது முழுசாகத் தெரிந்துகொண்டு பேசுகிறோம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

அன்று சேந்தன் எடுத்த சொல் 'ஹலோ'. எரிச்சலிலோ என்னவோ, திசைத் திருகை மறுபக்கம் திருப்பிவிட்டான். பொறி தயங்கவில்லை. அது தேடுவது ஓர் ஓரத்தை. ஒரு பக்கம் சொல் இருக்க வேண்டும், மறுபக்கம் இருக்கக் கூடாது. பிறப்பு அப்படி ஓர் ஓரம். இறப்பும், அதாவது ஒருவர் அதைக் கடைசியாகச் சொல்லும் கணமும், அப்படி ஓர் ஓரம்தான் என்பதை அதைச் செய்தவர்கள் யோசிக்கவே இல்லை.

ஒலிபெருக்கியில் ஒரு கிழவியின் குரல் வந்தது.

"ஹலோ... ஹலோ... நான் சேந்தன் மக பூவிழி பேசறேனுங்க. ஹலோ!"

அதோடு சரி.

சேந்தன் இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். பூவிழிக்கு அப்போது ஐந்து வயது. தொலைபேசியை எடுத்தால் இப்படித்தான் பேச வேண்டும் என்று அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். பொறி காட்டிய காலம் எதிர்காலத்தில் அறுபது சொச்சம் ஆண்டுகள் தள்ளி இருந்தது. வேறு சொற்களைப் போட்டுப் பார்த்தான். ரொட்டி, பஸ், டாக்டர், எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருந்தன. இந்தப் பக்கத்தில் தமிழும் எட்டியது. 'சோறு', 'தண்ணி' கூட அந்தக் காலத்தை ஒட்டியே நின்றுபோயின. என்ன நடக்கப் போகிறது என்று பொறி சொல்லவில்லை. அதற்குச் சொற்கள் மட்டும்தான் தெரியும்.

கடைசியில் திருகைச் சரியாக வைத்து 'ஹலோ'வின் பிறப்பையும் கேட்டான். ஓர் ஆற்றங்கரை. அக்கரையில் இருக்கும் ஓடக்காரனை ஒரு பெண் உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆய்வக இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பூட்டு வாங்கிவரச் சொன்னார். "அந்தப் பக்கத்தைப் பூட்டிருங்க. சனங்க பொறப்பைக் கேக்கத்தான் வர்றாங்க. எழவைக் கேக்க யாரு வருவா?"

வீட்டில் மனைவி மரகதத்திடம் மட்டும் சொன்னான். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தான்.

"அவ வாயில அந்தச் சொல்லே வரக் கூடாது மரகதம். சொல்லத் தெரியாட்டி, கடைசியாச் சொல்ற ஆளு அவளா இருக்க மாட்டா."

"வேற யாரோ சொல்லப் போறாங்க. அதுனால இவளுக்கு என்னங்க வந்தது?"

"ஆளே இல்லாத ஊருல, தொண்டை வத்தி, எம் பேரைச் சொல்லி... என்னால தாங்க முடியலைடி."

"ஆளில்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மொதல்ல அந்தப் பொண்ணு கூப்புட்டாளே, ஓடக்காரன் வந்தானா இல்லையா? வந்துட்டா அப்புறம் எதுக்குங்க கூப்புடணும்? இவளுக்கும் யாராச்சும் வந்திருக்கலாமில்ல?"

மரகதம் சொன்னது அவன் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அந்தக் கிழட்டுக் குரல்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளே மகளிடம் அது கெட்ட வார்த்தை என்றான். கேட்டால் பதில் பேசக் கூடாது, அந்த இடத்தில் நிற்கவே கூடாது என்றான். பள்ளிக்கும் சொல்லிவைத்தான். ஒருநாள் அவள் பொம்மைத் தொலைபேசியில் பழக்கதோஷத்தில் அதைச் சொல்லிவிட, அறைந்தேவிட்டான். மகள்மேல் அவன் கை வைத்தது அதுதான் முதல் தடவை. பூவிழி அழவில்லை, பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அதற்கப்புறம் தெருவில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால்கூட வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். மரகதம் புருஷனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, இயக்குநர் ஊரில் இல்லாத ஒரு பகலில், சேந்தன் பூட்டைத் திறந்தான். சொல்லைக் கொடுத்தான். அதே காலம்தான் வந்தது. ஆனால் குரல் ஓர் ஆணுடையது. சேந்தன் தன்னை மறந்து கைகூப்பினான். மகள் தப்பித்தாள்.

"ஹலோ! யாராச்சும் இருக்கீங்களா? பொகையப் பாத்துட்டுத்தான் வந்தேன். நாலு வருசமா ஒரு மனுசரப் பாக்கலைங்க. ஹலோ!"

அப்போது மிக அருகில், கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல, ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

"அது கெட்ட வார்த்தை. பேசக் கூடாது. அப்பா சொல்லியிருக்காங்க."

அந்த மனிதன் இன்னும் ஒரு தடவை கூப்பிட்டான். பிறகு அவனுடைய செருப்புச் சத்தம் தூரமாகப் போய்க் கேட்காமல் போயிற்று.

சேந்தன் பொறியை அணைக்காமலேயே வீட்டுக்கு ஓடினான். பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பூவிழியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

"கண்ணு, அது நல்ல வார்த்தைதான். அப்பா தப்பாச் சொல்லிட்டேன். எங்க, ஒரே ஒரு தடவை சொல்லு சாமி. ஹலோ."

அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் மண்டியிட்டான், கெஞ்சினான், திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினான். அப்பா தன்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு, மெச்சப் போகிறார் என்ற நம்பிக்கையில் சமர்த்தாகச் சிரித்தாள்.

"நான் சொல்லவே மாட்டேனுங்கப்பா. யாரு கூப்புட்டாலும்."