அழகுக்குச் சாய்ந்த கோடு

மழைக்கு ஒதுங்கத்தான் அவள் அந்த அச்சகத்துக்குள் நுழைந்தாள். ஆனால் கணக்கு டீச்சரின் கண் சும்மா இருக்குமா... மேஜையில் காய்ந்துகொண்டிருந்த கணக்குப் பாடப்புத்தகத்தின் வளைகோட்டுப் படத்தில் போய் நின்றது.

"சார்புன்னு எழுதியிருக்கீங்க... இது சார்பு இல்லையே."

படம் போடுகிறவன் நிமிர்ந்தான். அம்மாடி, இந்த மழையே அந்தக் கண்ணிலிருந்துதான் வருதோ... நினைப்பை அவசரமாக ஒதுக்கிவிட்டு, அவனுடைய ஸ்கேலையே எடுத்துக் கோட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தினாள்.

"பாருங்க, இங்க ரெண்டு இடத்துல வெட்டுது. சார்புன்னா, கீழ ஒரு எண்ணைக் கேட்டா கோடு ஒரே பதில்தான் சொல்லணும். இது ரெண்டு சொல்லுது."

"வளைவைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சேன்... அழகுக்கு."

"அழகுக்கா? கணக்கு தெரியாதவங்க கையில கொடுத்தா இப்படித்தான்."

பக்கத்தில் நின்ற அச்சக முதலாளி சிரித்துவிட்டார். அவன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அவள் கிளம்பும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டே தன் குடையை நீட்டினான்.

அந்தக் குடை அவளைத் தூங்கவிடவில்லை. இந்த நாக்கை வெச்சுக்கிட்டு நான்...

திருப்பிக் கொடுக்கப் போனபோது முதலாளி அலுத்துக்கொண்டார். "இந்தப் புஸ்தகமே வேணாங்கறாம்மா. போட்டதெல்லாம் தப்பாம். ஊருக்குக் கிளம்பறான்."

உள்ளே அவன் வண்ணப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். தரையெல்லாம் அலை அலையான படங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் சிவப்பில் ஒரு படுக்கைக் கோடு.

"ஸ்கேலைப் படுக்க வெச்சா பார்த்தீங்க?"

"எப்படி வெச்சா என்ன? நாலஞ்சு இடத்துல வெட்டுதே."

"ஐயோ சார்... நிமிர்த்தி வெக்கணும். வேற வேற எண்ணுக்கு ஒரே பதில் வரலாம், தப்பில்ல. எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க." அவள் குரல் தழைந்தது. "அன்னிக்கு நான் பேசினதுதான் தப்பு. போகாதீங்க."

"புஸ்தகத்துக்காகவா சொல்றீங்க?"

குடைக் கைப்பிடியை அவள் விரல் சுற்றிச் சுற்றி வந்தது...

"இல்ல."

அவன் பெட்டியை அவிழ்த்தான். பென்சிலை எடுத்து, வெள்ளைத் தாளில் படுக்கைவாட்டில் ஒரு நேர்கோடு இழுத்தான்.

"இது?"

"இதுவும் சார்புதான். எந்த எண்ணைக் கேட்டாலும் அதே பதில்."

"நானும் அப்படித்தான் டீச்சர். காலையில கேட்டாலும், மழையில கேட்டாலும், நாலு பேர் முன்னாடி திட்டிட்டு வந்து கேட்டாலும்..."

"என்ன பதில்?"

"நீங்கதான்."

அவள் ஸ்கேலை எடுத்தாள். நிமிர்த்தி வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக... மிக மெதுவாக நகர்த்தினாள்.

"சரிதான்" என்றாள், தாளை விட்டு நிமிராமலே.