முழங்கால் உயரச் சுவர்

விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அலறல் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. அதுவும் பாதியில் அறுந்துவிட்டது.

காலை பதினொன்றரை. குன்றின் விளிம்பில், கடலைப் பார்ப்பதற்கென்று கட்டிய மேடை. வெள்ளைச் சிமெண்டுத் தரை கடலை நோக்கிச் சரிந்து, முழங்கால் உயரச் சுவர் ஒன்றில் முடிந்தது. சுவரில் மோதி நின்றிருந்தது சக்கர நாற்காலி. அதில் உட்கார்ந்து வந்தவள் சுவருக்கு அந்தப் பக்கம், கீழே, பாறைகளுக்கு நடுவே கிடந்தாள். பன்னிரண்டு வருடமாக அசையாத கால்கள் அப்போதும் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. மற்றதெல்லாம் கலைந்திருந்தது.

உல்லாசக் கப்பலிலிருந்து அன்று கரைக்கு வந்தவர்களில் நான்கு பேர் நாற்காலிக்காரர்கள். அவர்களுக்கென்றே தனிச் சுற்றுலா, தனி வேன். ஏற்பாடெல்லாம் கப்பலின் கரைச் சுற்றுலா அதிகாரியுடையது. கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். எந்தச் சரிவைக் கண்டாலும் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விடுவார். பயணிகள் அவருக்கு வைத்த பெயரும் ரசமட்டம்தான்.

ரசமட்டம் இப்போது சுவரோரம் குந்தி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளூர் உதவி ஆய்வாளர் வந்தார். சின்ன வயது, பெரிய குரல்.

"இந்தச் சுவர் ஏன்யா இவ்வளவு தாழ்வா இருக்கு?"

"நான்தான் சார் இடிச்சுத் தாழ்த்தச் சொன்னேன். ரெண்டு வருஷமா மனு போட்டு வாங்கினேன்."

"எதுக்கு?"

"உட்கார்ந்திருக்கறவங்களுக்கும் கடல் தெரியணும் சார். முன்னாடி இருந்த சுவர்ல அவங்களுக்குச் சிமெண்டுதான் தெரிஞ்சுது."

"இப்ப கடல் நல்லாவே தெரிஞ்சிருக்கும்."

உதவி ஆய்வாளர் நாற்காலியின் பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

"ரெண்டு டயர்லயும் காத்து இல்ல. இதைக்கூடப் பார்க்க மாட்டியா?"

"கப்பலை விட்டு இறங்கற இடத்துல நாலு நாற்காலிக்கும் நானே பம்பு அடிச்சேன் சார். தினமும் அடிப்பேன். கல்லு மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் காத்துக்குக் கால் முளைச்சு எறங்கிப் போயிடுச்சா? ஜீப்ல ஏறு. மத்ததை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பும். அது யாருக்காகவும் நிற்காது. ரசமட்டம் இந்த ஊர்ச் சிறையில் கிடப்பார். கப்பல் நிர்வாகம் ஒரு இரங்கல் அறிக்கையும் ஒரு பலிகடாவையும் கொடுத்துவிட்டு அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடும்.

"ஏறாதீங்க ரசமட்டம்."

நாற்காலிக்காரர்களில் ஒருத்தியான ஓர் அம்மாள் தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். சர்க்கரை அவள் வலது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது, வாயைத் தொடவில்லை.

"நீங்க யாரும்மா?"

"நீ பார்க்கற வேலையை முப்பது வருஷம் பார்த்தவ. கப்பல் கிளம்பறதுக்குள்ள ஆளைத் தரேன். இல்லைன்னா இவரோட என்னையும் சேர்த்து ஏத்திக்கோ. ஜீப்புக்குச் சரிவுப் பலகை இருக்கா?"

உதவி ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேதான் அவர் தோற்றார்.

கயிறு கட்டி உடலை மேலே கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா துணியை விலக்கிக் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது.

"தற்கொலைன்னு எழுதிடாதே. சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தப் பார்த்திருக்கா. எப்பவும் கையுறை போட்டிருப்பா. எங்கே அது?"

"என் பையில இருக்கு." இறந்தவளின் தங்கை சொன்னாள். நாற்பதைத் தொடும் வயது. படியில் உட்கார்ந்து அக்காவின் சால்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். "வியர்வைன்னு நான்தான் கழட்டி வெச்சேன்."

முதலில் இறந்தவளின் புருஷன். வேனிலிருந்து அவனை இறக்கிக் கூட்டிவந்தார்கள்.

"நீங்க ஏன் மேல வரலை?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டரம்மா.

"ஏசி வேன்லதானே இருக்கு."

"பொண்டாட்டியோட சேர்ந்து கடல் பார்க்கற ஆசை இல்லையா?"

"பன்னிரண்டு வருஷமா அந்த மூட்டையைப் பார்த்தே கண்ணு பூத்துப் போச்சு. இதுல கடல் வேறயா?"

"அவங்க போனதுல உங்களுக்கு லாபம் உண்டா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நஷ்டம் இல்லை."

உதவி ஆய்வாளரின் கண் மின்னியது. ஆனால் அவன் வேனை விட்டு இறங்கவே இல்லை என்று டிரைவர் அடித்துச் சொன்னார். "கப்பல்லேர்ந்து வரும்போதும் என் பக்கத்துலதான் சார், முன் சீட்டு. பின்னாடி நாற்காலிங்களைப் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தேன். இறந்துபோன அம்மாவோட நாற்காலிக்குப் பக்கத்துல தங்கச்சிம்மா உட்கார்ந்திருந்தாங்க."

புருஷன் போகும்போது திரும்பிக் கேட்டான்: "மத்தியானச் சாப்பாடு கப்பல்லதானே?"

அடுத்தது தங்கை.

"அக்கா விழுந்தப்ப நீ எங்கே இருந்தே?"

"உங்க பக்கத்துலதானேம்மா. தண்ணி வாங்கற வரிசையில."

"ஆமா. நாலு பேரும் நிக்கறதுக்கு மேல சமதளத்துல ரசமட்டம் மஞ்சள் கட்டம் போட்டு வெச்சிருக்கார். உங்கக்காவை மட்டும் ஏன் சரிவுல, மரத்தடியில விட்டே?"

"கட்டத்துல வெயில். அவளுக்கு ஆகாது. பிரேக் போட்டுட்டுத்தான் வந்தேன். டக்குனு சத்தம் உங்களுக்கே கேட்டிருக்குமே."

"கேட்டுச்சு. வேன்லேர்ந்து இங்க வரைக்கும் யார் தள்ளினது?"

"நான்தான்."

"இந்தப் பயணத்துல அவளேதானே உருட்டிக்கிட்டுத் திரிஞ்சா?"

"மேடு. கை வலிக்கும்னு நானே பிடிவாதமாத் தள்ளினேன்."

"தள்ள எப்படி இருந்தது?"

"எப்பவும் போலத்தான். பன்னிரண்டு வருஷமாத் தள்றேன். கண்ணை மூடிக்கிட்டே தள்ளுவேன்."

அப்போது சுவரோரம் நின்ற காலி நாற்காலியிலிருந்து பீப் பீப் என்று சத்தம் வந்தது. எல்லோரும் திடுக்கிட்டார்கள். முன்பு அடித்தபோதெல்லாம் கயிறு கட்டும் கூச்சலில் அதை யாரும் கவனித்திருக்கவில்லை. நாற்காலியின் பக்கப் பையிலிருந்து ஒரு போனை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார் ரசமட்டம்.

"அலாரம். இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை அடிக்கும்" என்றார். "அவங்களுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. ஒரே இடத்துல அழுந்தினா புண்ணாயிடும். அதனால இது அடிச்சா கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவாங்க. தூக்கத்துல தவிர ஒருநாளும் தவறினதில்ல."

"அவ அலறறதுக்கு முன்னாடியும் இந்தச் சத்தம் கேட்டுச்சு" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. பிறகு தரையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

வண்டிகள் நிற்கும் இடம் செம்மண். அங்கிருந்து ஏறிவந்த நாற்காலிகள் வெள்ளைத் தரையில் சிவப்புக் கோடு இழுத்திருந்தன. மூன்று நாற்காலிகளின் கோடுகள் ஒரு விரல் அகலம். மரத்தடிக்குப் போன கோடு மட்டும் இரண்டு விரல் அகலம்.

"ரசமட்டம், என் டயர்ல பாதிக் காத்தை இறக்குங்க."

"அம்மா?"

"இறக்குங்கய்யா. சைக்கிள் டயர் மாதிரிதானே, வால்வைக் கையால திருகினாலே போதும். தம்பி, நீ என்னை வண்டி நிக்கற இடத்துலேர்ந்து மேல தள்ளிட்டு வா."

உதவி ஆய்வாளர் தள்ளினார். நாலைந்து அடியிலேயே நின்றார். "என்னம்மா இது! சேத்துல தள்ற மாதிரி இருக்கு."

"உனக்கு எத்தனை வருஷப் பழக்கம்?"

"இப்பத்தான் முதல் தடவை."

"சரி, தள்ளு. மூச்சை அங்க போய் வாங்கலாம்."

மரத்தடியில், அதே இடத்தில், கடலைப் பார்த்தபடி நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். பிரேக்கைப் போட்டாள். டக். சுவரோரம் ரசமட்டத்தையும் இரண்டு காவலர்களையும் நிற்க வைத்தாள். புருஷனும் டிரைவரும் பக்கவாட்டில் நின்றார்கள். தங்கை சரிவின் நடுவில், நாற்காலிக்கு நேராக நின்றாள். இறந்தவளின் போனை மடியில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரம்மா சும்மா உட்கார்ந்திருந்தாள். நாற்காலி அசையவில்லை. கடல் பார்த்தாள். நன்றாகத்தான் தெரிந்தது.

போன் அடித்தது.

அவள் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கினாள். நாற்காலி ஒருமுறை குலுங்கியது, பிறகு உருண்டது. பிரேக் கட்டை டயரை உரசிக்கொண்டே கூட வந்தது. கைகள் கைப்பிடியில் இருந்தன, சக்கரத்துக்குப் போவதற்குள் நாற்காலி வேகம் பிடித்துவிட்டது. ரசமட்டம் பாய்ந்து மார்பைக் கொடுத்து நிறுத்தினார். புருஷன் "ஐயோ" என்றான். அன்று அவன் வாயிலிருந்து வந்த முதல் மனுஷச் சொல் அதுதான்.

"டயர் கெட்டியா இருந்தாத்தான் பிரேக் கட்டை அதை அழுத்திப் பிடிக்கும்" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா, மூச்சிரைக்க. "காத்து இறங்கினா சும்மா தொட்டுக்கிட்டு நிக்கும். ஆள் அசையாத வரைக்கும் தாங்கும், உடம்பைத் தூக்கற குலுக்கல்ல விட்டுடும். கொலைகாரங்க பக்கத்துல இருக்க வேண்டியதே இல்லை. தண்ணி வரிசையில நிக்கலாம். போலீஸ்காரியையே சாட்சியா வெச்சுக்கலாம்."

"அப்ப காத்தை இறக்கினது புருஷனா இருக்கலாமே" என்றார் உதவி ஆய்வாளர்.

"யார் வேணா இறக்கியிருக்கட்டும். எப்ப இறக்கினாங்கன்னு அந்தத் தடம் சொல்லுது பாரு. மேல வரும்போதே டயர் சப்பையாத்தான் வந்திருக்கு. முதல் தடவை தள்ற உனக்கே நாலடியில தெரிஞ்சுது. பன்னிரண்டு வருஷமாத் தள்றவளுக்கு எப்பவும் போல இருந்துச்சாம்."

இன்ஸ்பெக்டரம்மா தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா தானே உருட்டியிருந்தா கனம் கைக்குத் தெரிஞ்சு, உடனே ரசமட்டத்தைக் கூப்பிட்டிருப்பா. அதனாலதான் இன்னிக்கு மட்டும் நீ தள்ளினே. காத்தை வேன்ல இறக்கினே. பெல்ட் போட்டுக் கட்டின நாற்காலி, சக்கரம் உன் கைக்கு எட்டற தூரம். வால்வைக் கொஞ்சமாத் திருகி வெச்சா மெல்ல மெல்ல இறங்கும்."

"எனக்குத் தெரியலைம்மா... நான் கவனிக்கலை..."

"இப்ப போன் அடிச்சுதே, அப்ப எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. நீ ஒதுங்கி வழி விட்டே. நான் அதுவரைக்கும் கையைக்கூட ஊன்றலை."

சால்வை தங்கையின் கையிலிருந்து நழுவியது. அவள் அதை எடுக்கவில்லை.

"காலையில வேன்ல அவ சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சுதானே?" என்றாள். குரலில் நடுக்கமே இல்லை.

கேட்டிருந்தது. வேனில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் அக்கா சொன்னாள்: "அடுத்த தடவை நான் தனியாத்தான் வரப்போறேன். ரசமட்டம் இருக்கற வரைக்கும் எனக்கு யாரும் வேண்டாம். இவளுக்கு விடுதலை கொடுத்தாச்சு!" எல்லோரும் கைதட்டினார்கள். தங்கையும்தான்.

"விடுதலையாம். எனக்கு வந்த மூணு வரனையும் 'என்னை யாரு தூக்குவா'ன்னு அழுதே திருப்பி அனுப்பினா. பீ மூத்திரம் அள்ளினேன். தலை நரைச்சுது. இப்பப் போய் 'நீ போடி, உன் வாழ்க்கையைப் பாரு'ங்கறா. எங்கேம்மா இருக்கு அது? எந்த வயசுல வெச்சிருக்கா?"

"விட்டுட்டுப் போயிருக்கலாமே."

"போறதுக்கு எனக்கு ஒரு இடம் இருந்துதா? அவ நாற்காலிதான் என் இடம். அதையும் வேண்டாம்னுட்டா."

காவலர் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ரசமட்டத்தைத் தாண்டும்போது நின்றாள்.

"நீங்க எல்லாத்தையும் நல்லாச் செஞ்சுட்டீங்க சார்" என்றாள். "சரிவு, கக்கூஸ் கதவு, சுவரு. எல்லாத்தையும். கொஞ்சம் மோசமாச் செஞ்சிருந்தா அவளுக்கு நான் வேண்டியிருந்திருப்பேன்."

ஜீப் போனது. உதவி ஆய்வாளர் ரசமட்டத்திடம் மன்னிப்புக் கேட்கவில்லை. போகலாம் என்று கையை மட்டும் அசைத்தார். புருஷன் ஏசி வேனில் ஏறிக்கொண்டான்.

ரசமட்டம் மண்டியிட்டு இன்ஸ்பெக்டரம்மாவின் டயருக்குப் பம்பு அடித்தார். நான்கு நாற்காலிகளோடு வந்த கூட்டத்துக்கு இனி மூன்று போதும். அடித்து முடித்ததும் எழவில்லை. சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தாழ்ந்த சுவரின்மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. எந்தப் பிழையும் இல்லை.

"இதை மறுபடி உயர்த்திக் கட்டச் சொல்லிடறேன்மா."

இன்ஸ்பெக்டரம்மா டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது.

"கட்டுங்க" என்றாள். "நாங்க பழையபடி சிமெண்டையே பார்த்துக்கறோம்."