ரோகிணி கழியட்டும்

புது வைகையில் காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி முதலில் உயிர்வளி அளவைச் சொல்லும், அடுத்து முந்தின நாள் பிறப்பைச் சொல்லும். மூன்று வருஷமாகப் பிறப்பு சுழியம்தான். ஜனங்கள் அதைக் கேட்டுக்கொண்டே பல் துலக்கிவிட்டு வேலைக்குப் போவார்கள்.

செவ்வாய் தோஷம் என்று எத்தனையோ கல்யாணத்தைக் கலைத்த கூட்டம், அந்தச் செவ்வாயிலேயே போய் நாடு கட்டியது தனிக் கூத்து. பிறகு சாம்பல் காய்ச்சல் வந்தது. செத்தவர்கள் குறைவுதான். ஆனால் தம்பதிகள் எல்லோரும், ‘சனியன் ஒழியட்டும், அப்புறம் பெத்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டார்கள். காய்ச்சல் ஒழிந்தபோது கருப்பைகளையும் பாழாக்கிவிட்டுப் போயிருந்தது. நான்கு வருஷம் பிறப்பே இல்லாத நாட்டைப் பூமி மூடிவிடும். பக்கத்து நாடான வடமலையிலும் தொட்டில் ஆடவில்லை.

ஆகவே, புது வைகையில் காய்ச்சலுக்குத் தப்பிய ஒருத்தியான சொர்ணவல்லி நிறைமாதம் என்று தெரிந்ததும் அவளைத் தூக்கிப் போக வடமலையிலிருந்து எழுபது பேர் வந்துவிட்டார்கள். குழந்தை எந்த நாட்டில் பிறக்கிறதோ அந்த நாட்டுக் கணக்கில், பிறந்த நொடியே பதிவு பூமிக்குப் போய்விடும். அப்புறம் தூக்கிப் பிரயோஜனமில்லை. அதுவரை பேறுகூடத்தின் ஒரே வாசலைக் காக்க அவளுடைய அண்ணன் வீரணன் பாறைத் துளைப்பானோடு நின்றான். கூட நின்ற பத்துப் பேரில் ஆறு பேர் ஏற்கெனவே விழுந்துகிடந்தார்கள்.

சொர்ணவல்லிக்கு இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. எதிர்த்திரையில் வாசல் தெரிந்தது.

“அறுவைக்குத் தயார். இரண்டு நிமிடம் போதும்” என்றது பேற்றுப்பொறி.

“ஐயையோ, இப்ப வேணாம்!” அவள் அம்மா பேச்சியம்மா பொறியின் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரோகிணி ஓடுது. ஆம்பளப் புள்ள வேற. தாய்மாமனுக்கு ஆகாதுடி!”

“எவ்வளவு நேரம்மா ஓடும்?”

“இங்க இருக்குற ரெண்டு நிலாவுல பெரிய நிலா விறுவிறுன்னு ஓடுற நிலா. பதினோரு நிமிஷத்துல தாண்டிரும்.”

அப்பா செத்தபின் அவளைத் தூக்கி வளர்த்தவன் வீரணன். அவனுக்கு ஒன்று என்றால் அவளால் தாங்க முடியாது. “காத்திருப்போம்” என்றாள். பெறுகிறவள் சம்மதமில்லாமல் பொறி கத்தியைத் தொடாது.

“ஏய் சொர்ணம், இன்னுமா ஆகல?” காதொலியில் வீரணன் கத்தினான். “கதவு தாங்காதுடி!”

“உனக்காகத்தாண்ணே! பத்தே நிமிஷம் பொறுத்துக்க!”

“எனக்காகவா? என்னடி உளர்ற...”

கதவு பிளந்தது. முதலில் நுழைந்தவன் நெஞ்சில் வீரணன் துளைப்பானை இறக்கினான். இரண்டாமவன் மண்டை சுவரோடு நசுங்கியது. மூன்றாமவனின் வெட்டுக்கதிர் வீரணனின் இடது கையை முழங்கையோடு எடுத்துப் போட்டது. அலறிக்கொண்டே அவன் கதவை முதுகால் அடைத்தான். தரையெல்லாம் ரத்தம், கால் வழுக்கி விழுந்து, மறுபடி எழுந்து அடைத்தான்.

“விட்டுடாதண்ணே, இன்னும் மூணு நிமிஷம்தான்!” சொர்ணவல்லி அழுதுகொண்டே கத்தினாள். “அம்மா, போயிருச்சா? நட்சத்திரம் போயிருச்சா?”

“போயிருச்சு! அறுங்க!”

குழந்தை வீறிட்டது. ‘பிறப்பு: ஒன்று’ என்று ஒலிபெருக்கி முழங்கியது. வடமலைக்காரர்கள் ஆயுதத்தைத் தாழ்த்திக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்கள். கதவடியில் தொண்டை அறுபட்டுக் கிடந்த வீரணனைத் தாண்டித்தான் அவர்கள் போகவேண்டியிருந்தது.

பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“அவர் பதின்மூன்றாவது நிமிடத்தில்தான் இறந்தார். குழந்தை இரண்டாவது நிமிடத்திலேயே பிறந்திருக்கும்” என்றது பொறி. அதை யார் கேட்டார்கள்?

அழுது ஓய்ந்த பேச்சியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு பஞ்சாங்கத் திரையை மறுபடி தடவினாள். சட்டென்று அவள் முகம் தெளிந்தது.

“மோசம் போயிட்டமேடி! பெரிய நிலாவ வச்சுல்ல பாத்துட்டோம்! சின்ன நிலாவுக்கு இன்னும் ரோகிணிதான் ஓடுது!”

சொர்ணவல்லி மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். நாட்டையே காப்பாற்றிய குழந்தை கைகால் உதைத்துக்கொண்டிருந்தது.

“பொறக்கும்போதே மாமன முழுங்கிட்டானே, பாவிப்பய!” என்று அதைத் தள்ளிவைத்தாள்.