செத்தவன் ஓடிய பத்து கிலோமீட்டர்

"ஐயோ... ரோஹித்!"

காலை ஏழு மணி. கொரட்டூர் ஏரிக்கரையில் பவ்யா அலறிய அலறலில் வாக்கிங் கூட்டம் ஓடி வந்தது. பாதிப்பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி!

அவள் கணவன் ரோஹித், ஐ.டி. கம்பெனி ஆசாமி, புதரோரம் மல்லாந்து கிடந்தான். மூச்சு இல்லை.

தகவல் கேட்டு ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் எழிலரசி குனிந்து பார்த்தாள்.

"ஹார்ட் அட்டாக் மேடம்..." முந்திக்கொண்டான் தமிழரசு. ரோஹித்தின் ஓட்டப் பயிற்சியாளன். 'மூன்றே மாதத்தில் மாரத்தான்' என்று போர்டு மாட்டி ஊர்த் தொப்பைகளை மேய்ப்பவன். "ஓவரா ஓடாதன்னு சொல்லிகினேதான் கீறேன். கேட்டாத்தானே? வாட்ச பாருங்க, தெரியும்!"

கான்ஸ்டபிள் டில்லிபாபு பிணத்தின் மணிக்கட்டைத் திருப்பி, ஓட்டக் கணக்கு காட்டும் ஸ்மார்ட் வாட்சைப் படித்தார்.

"அஞ்சே காலுக்கு ஸ்டார்ட் மேடம். பத்து கிலோமீட்டர். நாப்பத்திரெண்டு நிமிஷம்."

"பொய்!" பவ்யா கத்தினாள். "ரெண்டு மாடி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்! வேகம் வர ஊசி போடறேன்னு இந்த ஆள்தான் காலையில கூப்பிட்டார்!"

"ஊசியா? நா இன்னிக்கி அவன பாக்கவேல்ல!"

சாட்சி இல்லை. மாரடைப்பு என்று எழுதிவிட்டால் தமிழரசு நாளைக்கே அடுத்த தொப்பைக்கு ஊசி ஏற்றுவான். எழிலரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உதட்டைப் பிதுக்கினாள்.

"பத்து கிலோமீட்டருக்கு நாப்பத்திரெண்டு நிமிஷமா? த்தூ! இதெல்லாம் ஒரு ஓட்டமா?"

தமிழரசுவின் முகம் சிவந்தது.

"நம்ம டில்லிபாபுவே இதவிட நல்லா ஓடுவாரு. எந்த ஆமை ஓடுச்சோ..."

"ஆமையா?" சீறினான் தமிழரசு. "நீ ஓடிப் பாத்துட்டு பேசு மேடம்! கரை பூரா சேறு... கும்மிருட்டு... ஊசி போட்டதும் பொசுக்குனு பூட்டான்! அந்தப் படபடப்புல, அவன் வாட்ச கட்டிகினு, எவன் நாப்பத்திரெண்டுல வருவான்?"

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லேட்!

டில்லிபாபு விலங்கை மாட்டினார். "மெள்ள ஓடிருந்தா தப்பிச்சிருப்பியே மாமே!"

"எப்டி சார்...? ஓடறவன் மெள்ள ஓடுவானா?"

எழிலரசி ஜீப்பில் ஏறினாள்.

"ஒரு ஆளக் கொல்ல மனசு வந்துச்சு... அரை மணி நேரம் லேட்டா வர மனசு வரல. த்தூ... நீயெல்லாம் ஒரு கொலகாரன்!"